எங்கள் காட்டை வெட்டிய கோடு

எங்கள் தீவின் கியேட்டா துறைமுகத்தில் தாவிருப் பள்ளத்தாக்கின் கோக்கோ ஒரு கப்பல் பெட்டி நிறையத் தடுத்து நிறுத்தப்பட்டது. காடு முழுவதையும் வெட்டித் தீர்த்துவிட்டு அந்த இடத்தில் கோக்கோ நட்டுவிட்டோம் என்று ஒரு வரைபடம் சொன்னது. காட்டில் ஒரு மரம்கூட விழவில்லை. ஆனால் அந்த வரைபடத்தை வரைந்தவர்கள் எதிரிகள் அல்லர், அயலார் அல்லர். நாங்களேதான்.

நடந்தது இதுதான். வியாபாரி நான். சரக்கைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவது என் வழக்கம். இனி முறைப்படி வணங்குகிறேன்.

பாக்கு மென்று சிவந்த வாயும் பழி சொல்லப் பழகாத நெஞ்சுமாக இந்த அவைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் இருவாசிக் குலத்தின் மூத்தவர், என் மனைவியின் தாய்மாமன், பொனிபாஸ் மாமா அவர்களே! அவருக்கு அருகில், ஒரு கை தூரம் தள்ளி, இல்லை இல்லை, இரண்டு கை தூரம் தள்ளி அமர்ந்திருக்கும் கழுகுக் குலத்தின் குரல், சில்வெஸ்டர் மொனாவி அவர்களே! மண்ணுக்கு உடையவர்களே, மகவுக்கு உரியவர்களே, எங்களுக்குப் பேச வாய் தந்துவிட்டு நிலத்தைத் தங்கள் மடியிலேயே வைத்துக்கொண்ட தாய்மார்களே! தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து வந்து, எங்கள் சேற்றில் செருப்பையும் எங்கள் சண்டையில் தூக்கத்தையும் தொலைத்த வரைபட அலுவலர் கெயுவா வாகி அவர்களே! மலை இறங்கி வந்த மக்களே, கரை ஓரம் வாழும் உறவுகளே, ஈரக் கொட்டை விற்பவர்களே, உலர்த்திக் கொடுப்பவர்களே, எடைக் கல்லை ஏற்றி இறக்கும் என் தொழில்காரர்களே! உங்கள் அனைவரையும் இந்தக் கடலும் இந்த மலையும் காண வணங்குகிறேன்.

என் பெயர் லூக்காஸ் தெம்பாரி. பிறந்தது கடற்கரையில். ஈரக் கோக்கோவைத் தோளில் சுமந்து, கொட்டை உலர்த்தும் உலைக்குக் கொண்டுபோய்க் கொட்டிக் காசாக்கியவன். இன்று இரண்டு லாரி ஓட்டுகிறேன். தாவிருவில் பெண் எடுத்தேன், அங்கேயே தங்கிவிட்டேன். என்ன சொல்கிறீர்கள் பின்னால்? ஆமாம் ஐயா, வீட்டோடு மாப்பிள்ளை! உரக்கவே சொல்லுங்கள், ஒலிபெருக்கியில் நானே சொல்லிவிட்டேனே! இந்தத் தீவில் மண் தாய்வழியில்தான் இறங்குகிறது. ஆகவே தாவிருவில் எனக்கு ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. சொந்தமில்லாதவன் என்பதால்தான் நடந்ததை நடந்தபடி சொல்ல முடிகிறது.

எதற்காகச் சொல்கிறேன்? அடுத்த வாரம் உங்கள் பள்ளத்தாக்குகளுக்கும் கோடு போட வருகிறார்கள். எங்களுக்கு விழுந்த இடி உங்கள் தலையில் விழக் கூடாது. அதற்காகத்தான் இந்த மேடை.

அன்பர்களே, ஐரோப்பாவில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. காட்டை அழித்த மண்ணில் விளைந்த கோக்கோவை அவர்கள் வாங்க மாட்டார்கள். விளைந்த தோட்டம் எது, அதன் எல்லை எங்கே என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். நல்ல சட்டமா, கெட்ட சட்டமா? அந்த வழக்கை நான் எடுக்கவில்லை. வாங்குபவன் கேட்கிறான், விற்பவன் காட்ட வேண்டும். நடுவில் கைமாற்றும் தரகர்கள் இல்லாமல், தாவிருவின் கோக்கோ தாவிருவின் பெயரிலேயே கடல் கடந்து போகும் முதல் வாய்ப்பு அது. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் யோரிஸ் என்பவர் ஒரு பெட்டி நிறைய வாங்கிக்கொள்கிறேன் என்றார். வரைபடம் மட்டும் சரியாக வேண்டும் என்றார். அவ்வளவுதானே என்று நினைத்தோம். அவ்வளவுதான் என்று நினைத்த இடத்தில்தான் அத்தனையும் நடந்தது!

கெயுவா அம்மையார் வந்தார். கையில் ஒரு தொலைபேசி. அதைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தால் போதும். வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள் நம் காலடியைப் பின்தொடர்ந்து வந்து கோடாக மாற்றிவிடும். கோயில் மண்டபத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, பொறுமையாகச் சொன்னார்:

"ஐயா, உங்க கோக்கோ மரம் எங்கெங்க நிக்குதோ, அதை மட்டும் சுத்தி வாங்க. வேற எதுவும் வேணாம்."

தலைகள் எல்லாம் ஆடின. ஆடிய தலைகளில் முதல் தலை நம் தலைவர் தலை. மாமா, கோபிக்காதீர்கள். உங்கள் அனுமதி வாங்கித்தானே மேடை ஏறினேன்?

மறுநாள் காலை. காட்டுக்கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு பொனிபாஸ் மாமா புறப்பட்டார். தோட்டத்தின் கடைசி மரம் வந்தது, நிற்கவில்லை. வேலி வந்தது, நிற்கவில்லை. ஓடை வந்தது, தாண்டினார். மூங்கில் புதர் வந்தது, வெட்டினார். பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிய கெயுவா கூப்பிட்டார்:

"ஐயா, ஐயா! கோக்கோ அங்கேயே முடிஞ்சு போச்சே! இங்க எல்லாம் காடுதான இருக்கு?"

"காடு யாரோடது?"

"உங்களோடதுதான்."

"அப்ப வா. பேசாம நட."

"கோக்கோ இருக்கற எடம் மட்டும்னு சொன்னேனேய்யா..."

"இங்க பாரும்மா. என் கோக்கோ எங்க நிக்குது? என் மண்ணுல. என் மண்ணு எங்க முடியுது? நான் போய் நிக்கற எடத்துல. நீ சின்னக் கோடு போட்டுட்டு ஊருக்குப் போயிடுவ. நாளைக்கு எவனாச்சும் வந்து, கோட்டுக்கு வெளிய இருக்கறது உன்னோடது இல்லன்னா? அப்ப நான் என்னத்தச் சொல்லுவேன்?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களில் எத்தனை பேர் வேலியோரம் நின்றிருப்பீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! ஊர் பார்க்க ஒருவன் எல்லை நடந்தால் அது உரிமைப் பேச்சு. அவன் நின்ற இடத்துக்கு அப்பால் அவனுக்கு வாயில்லை. இது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். போர்ட் மோர்ஸ்பிக்குத் தெரியாது. ஆம்ஸ்டர்டாமுக்குத் தெரியாது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்குச் சுத்தமாகத் தெரியாது!

பொனிபாஸ் மாமா மலை முகடு வரை போனார் என்ற செய்தி ஆற்றைத் தாண்டியது. சில்வெஸ்டர் மொனாவி சும்மா இருப்பாரா? அவரும் முகடு வரை போனார். போனதோடு இல்லாமல், முகட்டிலிருந்து இந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கியும் வந்தார். அப்புறம் ஊரே நடந்தது. அண்ணன் நடந்தான், தம்பி நடந்தான். முழங்கால் வலிக்காரர் மருமகன் தோளில் ஏறி நடந்தார்! போகிற வழியெல்லாம் பெரிய மரங்களில் கத்தியால் அடையாளம் வெட்டிக்கொண்டே நடந்தார்கள். நடக்காதவர்கள் யார்? தாய்மார்கள். என் மனைவியின் அக்கா, இருவாசிக் குலத்து நிலத்துக்கு இன்றைக்கு உடையவர், தெயோனிலா மதினி, முதல் நாளே சொல்லிவிட்டார்: "கோடு யாருக்குப் போகுதுன்னு தெரியாம நாங்க ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம். ஆம்பளைங்களுக்குக் கால் அரிச்சா நடக்கட்டும்."

கெயுவா திருத்துவதற்குள் அந்தக் கோடுகள் தொலைபேசியிலிருந்து நேரே யோரிஸின் கணினிக்குப் போயின. இங்கே நான் என்ன செய்தேன்? கோக்கோவை மூட்டை கட்டி, துறைமுகத்துக்கு ஏற்றி, இரும்புப் பெட்டியில் அடுக்கி, கதவைப் பூட்டினேன். பூட்டிய கை பூட்டிலேயே இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"லூக்காஸ், யோரிஸ் பேசறேன். பெட்டி எங்க இருக்கு?"

"கண்ணு முன்னாடிதான் இருக்கு. இப்பதான் பூட்டினேன். வாசனை உங்க ஊர் வரைக்கும் வரலியா?"

"கப்பல்ல ஏத்தாதீங்க."

"என்னது?"

"உங்க பள்ளத்தாக்குல காடே இல்லியே, லூக்காஸ்."

அன்பர்களே! என் காதை நானே நம்பவில்லை. திரும்பிப் பார்த்தேன். துறைமுகத்திலிருந்து பார்த்தாலே தெரியும் எங்கள் மலை. கருகருவென்று நிற்கிறது காடு. மேகம் வந்து அதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது. "யோரிஸ், நான் அந்தக் காட்டைப் பாத்துக்கிட்டே பேசறேன்யா!" என்றேன்.

"பழைய செயற்கைக்கோள் படத்துல காடு இருந்துச்சு. ஆனா நீங்க அனுப்பின கோடு அந்தக் காடு மொத்தத்தையும் கோக்கோத் தோட்டம்னு சொல்லுது. முகடு வரைக்கும் தோட்டமாம். ஒரு தோட்டம் ஆத்துக்குள்ள கிடக்குது. இன்னொண்ணு கல்லறை மேல நிக்குது. எல்லாத் தோட்டத்தையும் கூட்டினா உங்க பள்ளத்தாக்கை விடப் பெருசா வருது. ஒண்ணு, காட்ட அழிச்சிருக்கீங்க. இல்லன்னா பொய் சொல்லியிருக்கீங்க. நான் எதுன்னு எழுதட்டும்?"

எதையும் எழுதாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். விலை பேசும்போது கெஞ்சாதவன், எடையில் ஏமாற்ற வந்தவனிடம் கெஞ்சாதவன், அன்றைக்குக் கெஞ்சினேன்.

அவர் கெட்டவர் இல்லை. கடைசியாகச் சொன்னார்: "அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் காத்திருக்கேன். அதுக்குள்ள சரியான வரைபடம் வந்தா வாங்கிக்கறேன். வரலேன்னா தாவிருங்கற பேரையே எடுத்துடுவேன். அப்புறம் உங்ககிட்ட யாரும் வாங்க மாட்டாங்க. என் கையில இல்ல அது."

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? கோக்கோ. வெளியே என்ன இருக்கிறது? கியேட்டாவின் வெயிலும் மழையும். இரும்புப் பெட்டி வியர்க்கும், கொட்டை நனையும், பூஞ்சணம் பூக்கும். பொருள் போனால் மறுபடி விளைவிக்கலாம். பெயர் போனால்? காடழித்த ஊர் என்ற பெயரோடு எந்தத் துறைமுகத்துக்குப் போவது? எந்த வாங்குபவன் முகத்தில் விழிப்பது?

லாரியை எடுத்தேன். நேரே கோயில் மண்டபம். பட்டப்பகல். சன்னல்களையெல்லாம் பாயால் மறைத்து, சுவரில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டி, கெயுவா எங்கள் வரைபடத்தை அதில் விழ வைத்தார்.

சிவப்பு! எங்கு பார்த்தாலும் சிவப்பு! முகடு சிவப்பு, சரிவு சிவப்பு, ஊற்றுக் கண் சிவப்பு, பன்றி மேயும் பள்ளம் சிவப்பு! எங்கள் கால்கள் நடந்த இடமெல்லாம் காடு வெட்டப்பட்டதாகக் காட்டியது அந்தத் துணி. கோடாலி எடுக்காமலே காட்டைச் சாய்த்துவிட்டோம், ஐயா! நடந்தே சாய்த்துவிட்டோம்!

அந்த அதிர்ச்சி ஆறவில்லை, அதற்குள் அடுத்தது. சில்வெஸ்டர் அண்ணன் விரிப்புக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தார்.

"இது என்ன? முகட்டுல ரெண்டு கோடு? என் கோட்டு மேல எவன் கோடு இது?"

"என் கோடு," என்றார் பொனிபாஸ் மாமா.

"எங்க மலைல உமக்கு என்னய்யா வேலை?"

"யாரு மலை? நீ ஏறினதே எனக்கு அடுத்த நாள்தான்! என் காலடி காயறதுக்குள்ள அதுலயே மிதிச்சு நடந்திருக்க!"

"உம்ம காலடியா? மூச்சு வாங்கி மூங்கிலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னீராம், ஆத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சாம்!"

இன்றைக்குச் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்குக் கத்திகள் இடுப்பை விட்டு வந்துவிட்டன. பாவம் கெயுவா, சமாதானம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"ஐயா, ஐயா, சண்டை வேணாம். தப்பாப் போன கோட்டை அழிச்சிடலாம். இதோ, ஒரே தட்டுதான்!"

அழிப்பதா? அந்த ஒரு சொல்! ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த இரண்டு குலமும் ஒரே குரலில் அவர்மேல் திரும்பின. "என் மண்ணையா அழிக்கப் போற?" என்று மாமா தொலைபேசியைப் பறித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பறித்தீர்களா இல்லையா மாமா? தலையாட்டுகிறார், பாருங்கள்! ஊர் முன்னால் நடந்த எல்லையை ஊர் முன்னால் அழித்தால், நான் பொய்க்காரன், இது என் மண் இல்லை என்று அவரே கையெழுத்துப் போட்ட மாதிரி. அழித்தால் மானம் போகிறது. அழிக்காவிட்டால் கோக்கோ போகிறது. நான் எந்தப் பக்கம் பார்ப்பேன்? எனக்கோ நிலமில்லை. நான் வாயைத் திறந்தால், கடற்கரைக்காரனுக்கு இங்கே என்ன பேச்சு என்பார்கள். என்றார்கள்!

அப்போதுதான் தெயோனிலா மதினி எழுந்தார். மடியில் உரித்துக்கொண்டிருந்த சேப்பங்கிழங்கைப் பக்கத்தில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். எதுக்கு அவ்வளவு தூரம் நடந்தீங்க?"

"நம்ம மண்ணைக் காப்பாத்தத்தான், தெயோனிலா."

"நடக்காத மண்ணு ஓடிப் போயிடுமா? எங்கம்மா மலையைச் சுத்தி ஓடி நான் பாத்ததில்ல. உக்காந்த எடத்துலயே இருந்தாங்க. மலையும் இருந்த எடத்துலயே இருந்துச்சு."

பெண்கள் பக்கம் சிரிப்பு. மாமா விடவில்லை. "சிரிக்காதீங்கடி! போன தடவை வரைபடத்தைத் தூக்கிட்டு வந்தவன் என்ன பண்ணான்? இந்தத் தீவுல சுரங்கம் வெட்டி ஒரு மலையையே தோண்டி எடுத்துட்டுப் போனான். ஆத்துல மீன் செத்துச்சு, சண்டை வந்து ஊருல ஆளு செத்தான். மறந்து போச்சா?"

மதினி சிரிக்கவில்லை. "மறக்கல மாமா. மறக்காததாலதான் நாங்க நடக்கல." கெயுவா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, கோபமாக் கேக்கல. தெரிஞ்சுக்கக் கேக்கறேன். இந்தக் கோடு எங்க போகுது?"

"வாங்கறவருகிட்ட போகுதுக்கா."

"அப்புறம்?"

"அவரு அவங்க அரசாங்கத்துக்குக் காட்டுவாரு."

"அப்புறம்?"

கெயுவா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகத்தான் இன்றைக்கு அவர் இந்த மேடையில் இருக்கிறார். "அப்புறம் எங்க போகும்னு எனக்கே தெரியாதுக்கா. யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு நீங்க எழுதி வாங்கல. அதனால யார் கைக்கு வேணாலும் போகலாம்."

கேட்டீர்களா? யார் கைக்கு வேண்டுமானாலும்! எங்கள் ஊற்று எங்கே, எங்கள் முகடு எங்கே, எந்த மரம் எந்தக் குலத்துக்கு என்று நாங்களே நடந்து, நாங்களே வரைந்து, நாங்களே வியர்வையைத் துடைத்துக்கொண்டு, முகம் தெரியாதவன் கையில் கொடுத்திருக்கிறோம்! காப்பாற்ற நடந்தோம் என்றோமே, யாருக்குக் கதவு திறந்தோம்? மறைக்க வேண்டியதையெல்லாம் காட்டிவிட்டோம். காட்ட வேண்டிய கோக்கோவை மட்டும் காட்டவில்லை! பொனிபாஸ் மாமாவின் கத்தி தரையில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

யாரது? "சுருக்கிச் சொல்லு கடற்கரைக்காரா"வா? இரு தம்பி, விலை வரை வந்துவிட்டுத்தான் இறங்குவேன்.

மதினி என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, உங்களுக்கு நடக்க மண்ணு இல்ல. ஆனா பேரம் பேச வாய் இருக்குல்ல? அந்த யோரிஸ்கிட்ட சொல்லுங்க. கோக்கோ நிக்கற எடத்தை நாங்க நடந்து தர்றோம். ஆனா படம் எங்களோடது. எங்களக் கேக்காம இன்னொருத்தன் கண்ணுல படக் கூடாது. எழுதி வாங்குங்க. எழுதி வரலன்னா கோக்கோ அழுகட்டும். பன்னிக்குக் கூடப் போட மாட்டேன், ஆனா கோடு தர மாட்டேன்."

சில்வெஸ்டர் அண்ணன் மெல்லக் கேட்டார்: "அப்ப நாங்க நடந்தது என்னாகும்மா? அழிச்சா நான் எந்த மூஞ்சியோட ஆத்தைத் தாண்டி வீட்டுக்குப் போவேன்?"

"யாரு அழிக்கச் சொன்னது? நீங்க நடந்தது எது? காட்டோட ஓரம். மரத்துல அடையாளம் வேற வெட்டிட்டு வந்திருக்கீங்க. அதுக்குக் கோக்கோன்னு பேரு வச்சதுதானே தப்பு. காடுன்னு பேரு வச்சிடுங்க. தங்கச்சி, வேற நிறத்துல போட முடியுமா?"

கெயுவாவின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக உயிர் வந்தது. "முடியும்க்கா! பச்சையில போடலாம். கோக்கோ தனி, காடு தனி. ஒரு கோடும் அழியாது!"

"முகட்டுல ரெண்டு கோடு இருக்கே?" என்றார் மாமா விடாமல்.

"இருக்கட்டும் மாமா. ரெண்டு குலமும் காவல். எவனாச்சும் கோடாலியோட வந்தா ரெண்டு பேருகிட்டயும் அடி வாங்கிட்டுத்தான் போகணும். யாரு மலைங்கற வழக்கு அப்படியே இருக்கட்டும். நம்ம பிள்ளைங்களுக்கும் சண்டை போட ஏதாச்சும் வேணும்ல?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மாமா பாக்குப் பையைத் திறந்தார். ஒரு பாக்கை எடுத்து, சண்டை போட்ட அதே கையால் சில்வெஸ்டர் பக்கம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். எங்களுக்குத் தீர்ப்பு எழுத வேறு எழுத்து வேண்டாம்.

பிறகு தாய்மார்கள் நடந்தார்கள். எப்படி நடந்தார்கள்! முதுகில் பிள்ளை, தலையில் கூடை, கையில் கெயுவாவின் தொலைபேசி. ஒவ்வொரு தோட்டத்திலும் கடைசிக் கோக்கோ மரத்தைக் கையால் தொட்டார்கள், திரும்பினார்கள். தொட்டார்கள், திரும்பினார்கள். அதற்கு மேல் ஓர் அடி இல்லை. தன் மண் என்று தெரிந்தவளுக்கு நீட்டி நடக்க என்ன அவசியம்? நானும் கூடப் போகிறேன் என்றேன். என் மனைவி லியோகாடியா திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க லாரியிலயே உக்காருங்க. நடந்தீங்கன்னா ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் நடந்துடுவீங்க."

புதிய வரைபடத்தை அதே விரிப்பில் பார்த்தோம். மறுபடி ஓர் அதிர்ச்சி! மாமா மூக்கு உரசும் அளவுக்கு அருகில் போய்ப் பார்த்தார். "இவ்வளவுதானா என் தோட்டம்? இதைவிட என் பன்னிப் பட்டி பெருசா இருக்கும் போலயே!" உண்மைதான். கடல் போன்ற பச்சைக்குள் அங்கங்கே கைக்குட்டை போட்ட மாதிரி கோக்கோ. சின்னஞ்சிறு கோக்கோ. நான் ஒரு நிமிடம் சோர்ந்தேன். அடுத்த நிமிடம் என் வியாபார மூளை விழித்துக்கொண்டது. இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை மூட்டை! இத்தனை பெரிய காட்டைத் தொடாமல் இத்தனை மூட்டை! இதைவிட நல்ல சரக்கு எவனிடம் இருக்கிறது? சிறியது என்று எதை மறைத்தோமோ, அதுவே எங்கள் பெருமை! பொய்யான பெரிய கோடு எங்களைக் கள்வர்கள் ஆக்கியது. மெய்யான சின்னக் கோடு எங்களை விலை கேட்கும் இடத்தில் உட்கார வைத்தது!

கோட்டை அனுப்பவில்லை; தொலைபேசித் திரையில் படத்தைக் காட்ட மட்டும் யோரிஸை அழைத்தேன்.

"பாத்தேன் லூக்காஸ். நம்பவே முடியல. அந்தப் பச்சையெல்லாம் காடா?"

"காடுதான். ரெண்டு குலம் கத்தியோட காவல் காக்குது. காவலுக்குக் கூலி உண்டு."

"கூலியா? கோக்கோ விலையோட சேத்து..."

"தனி. கோக்கோ வேற, காடு வேற. எங்க வரைபடத்துலயே வேற வேற நிறம், பாக்கலியா?"

சிரித்தார். "சரி, பேசுவோம். படத்தை எங்க அலுவலகத்துலயே பத்திரமா வச்சுக்கறோம்."

"அது மட்டும் நடக்காது. கையெழுத்துப் போட்டா, சட்டத்துக்குக் காட்ட வேண்டிய கோக்கோக் கோடு உங்க கைக்கு வரும். காட்டுக் கோட்டைப் பாத்துட்டீங்க, இல்லியா? அது எங்ககிட்டயே இருக்கும். பழைய சிவப்புக் கோடு ஒண்ணு விடாம அழிச்சேன்னு எழுதிக் குடுங்க. வேற யாருக்காவது காட்டணும்னா எங்க தாய்மாருங்க உக்காந்து சரின்னு சொல்லணும்."

"இப்படி ஒரு ஒப்பந்தம் இதுவரைக்கும் நான் போட்டதே இல்ல, லூக்காஸ்."

"எங்க காடு நடந்து போனதும் இதுவரைக்கும் நடந்தது இல்ல. ரெண்டு பேருக்கும் புதுசு. போடுங்க கையெழுத்து."

அவையோரே! அடுத்த வாரம் உங்கள் ஊருக்குக் கோடு வரும். வரும்போது என்ன செய்யப் போகிறீர்கள்? மீசையை முறுக்கிக்கொண்டு முகட்டுக்கு ஓடப் போகிறீர்களா? அண்டை வீட்டுக்காரன் ஓடினான் என்று ஆற்றுக்குள் இறங்கப் போகிறீர்களா? வேண்டாம் ஐயா, வேண்டாம்! கோக்கோ நிற்கும் இடத்தைக் கோக்கோ என்று நடங்கள். காடு நிற்கும் இடத்தைக் காடு என்று நடங்கள். நடப்பதற்கு முன் கேளுங்கள்: இந்தக் கோடு எங்கே போகிறது? அதற்குப் பிறகு எங்கே? அதற்கும் பிறகு எங்கே? கேட்கத் தெரியாவிட்டால் உங்கள் தாய்மார்களை முன்னால் விடுங்கள். அவர்களுக்குத் தெரியும்! செயற்கைக்கோள் நமக்குப் பகையல்ல. அது சந்தைக்குப் போகும் வழி. மலைக்கும் கடலுக்கும் நடுவில் சிக்கிக் கிடந்த நம் சரக்குக்கு அது முகவரி கொடுக்கிறது. ஆனால் அதன் கையில் நாம் கொடுக்கும் கோடு மெய்யாக இருக்க வேண்டும். மெய்யாக இருப்பதோடு, நம்முடையதாகவும் இருக்க வேண்டும்!

பேச இடம் தந்த இந்தப் பந்தலுக்கும், நான் பழித்தும் பொறுத்த பொனிபாஸ் மாமாவுக்கும், பக்கத்தில் இப்போது ஒரு கை தூரம் நெருங்கி வந்துவிட்ட சில்வெஸ்டர் அண்ணனுக்கும், உண்மை சொன்ன கெயுவாவுக்கும், மேடை ஏற மறுத்து அதோ பெண்கள் வரிசையில் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும் தெயோனிலா மதினிக்கும் நன்றி சொல்லி, உங்கள் வீட்டு உலைகளில் கோக்கோ மணக்கட்டும் என்று கை கூப்பி...

என்ன? ஆமாம், ஆமாம், விலையைச் சொல்லாமல் இறங்கினால் நீங்கள் என்னை வீட்டுக்கு விட மாட்டீர்கள். சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி கப்பல் ஏறிவிட்டது. உலர்ந்த கொட்டை கிலோவுக்கு இருபத்து நான்கு கீனா. பாதி, கியேட்டாவில் பெட்டி ஏறியவுடன். மீதி, அங்கே இறங்கியவுடன். காவல் கூலி பெட்டிக்கு மூவாயிரம் கீனா, இரண்டு குலத்துக்கும் சரிபாதி. ஒவ்வோர் ஆண்டும் தாய்மார்கள் மறுபடி நடப்பதற்கான செலவு வாங்குபவருடையது. கோக்கோ அவர்களுக்கு. வரைபடம் எங்களுக்கு. அதற்கு அவர்கள் விலை கேட்கவும் இல்லை, நாங்கள் கொடுக்கவும் இல்லை.